பதினான்கு வினாடி

இவளுக்கு இப்போது பெயர் கிடையாது.
பங்கேற்பாளர் பதினொன்று.
பெயரை நீக்கிவிடுவேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன்,
ஊரையும், மருத்துவமனையையும்.
காற்றை எப்படி நீக்குவது?

ஒலிப்பதிவு முழுக்க அதுதான்.
தகரக் கூரையைப் பிறாண்டுகிறது,
ஜன்னல் இடுக்கில் வாய்வைத்து ஊதுகிறது.
நீரிணையிலிருந்து அது கிளம்பும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
கடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
சிலேயில் யாரிடம் போட்டுக் காட்டினாலும்
ஊரைச் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி ஆறு.
"பணி முடிந்து வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்?"
என் குரல். இவ்வளவு மெல்லியதா அது?
ஊசி போடுவதற்கு முன் குழந்தைகளிடம் பேசிய அதே குரல்.

"வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன்.
என்ஜினை அணைத்துவிட்டு,
கண்ணாடி முழுக்க ஆவி படியும்வரை.
உள்ளே பையன் டிவி பார்ப்பது தெரியும்,
சுவரில் நீல வெளிச்சம் மாறிமாறி.
அவனைப் பொறுத்தவரை நான் இன்னும் வரவில்லை.
அது எனக்குப் பிடித்திருக்கிறது.
எங்கேயும் வந்துசேராமல் இருப்பது."

பிறகு பேச்சில்லை.
மாத்தே குழலின் கடைசி உறிஞ்சல், அடிவண்டலின் கரகரப்பு.
தூரத்தில் ஒரு நாய்.
காற்று.

மூன்று வினாடியைத் தாண்டினால்
அடைப்புக்குறிக்குள் போடச் சொல்கிறது கையேடு:
[மௌனம், 14 வி.]

யாஸ்னா வுகாசோவிச் இரண்டாவது குறியீட்டாளர்.
இந்த இடத்தில் அவள் 'தவிர்த்தல்' என்று போட்டாள்.
நான் 'ஓய்வு' என்று போட்டேன்.
பிஸ்கட் தீரும்வரை வாதாடினோம்.
எங்கள் ஒத்திசைவு 0.81,
சந்தியாகோவில் பேராசிரியர் அகுவாயோ
தலையசைத்து ஏற்றுக்கொள்ளும் எண்.
மிச்சமிருக்கும் 0.19க்குள்
என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் இவள்.

பதினைந்தாவது வினாடியில் ஒரு பெயர் சொல்கிறாள்.

ஆணின் பெயர். நான்காம் கட்டில்.
நாக்கு இரண்டு முறை மேலண்ணத்தைத் தொட்டால்தான்
முழுதாக வரும் பெயர்.
"தீவுக்காரர். அந்த வாரம் படகு ஓடவில்லை,
சொந்தக்காரர் யாரும் வரமுடியவில்லை.
குழாயை எடுத்தது நான்தான்.
கால் சில்லிட்டிருந்தது, சாக்ஸ் போட்டுவிட்டேன்.
எதற்கு என்று கேட்காதீர்கள்.
ஷிப்ட் மாறும்போது 'நான்கு காலி' என்றேன்.
அப்படித்தான் சொல்வோம், நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.
அந்தப் பேரை எழுதிக்கொள்ளுங்கள்.
எங்கேயாவது இருக்கட்டும்."

எழுதினேன்.
பிறகு நெறிமுறைக் குழுவின் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு
எழுத்தெழுத்தாக அழித்தேன்.
[நோயாளி] என்று இட்டேன்.
நான்கு காலி.

அளவுகோலில் அவள் மதிப்பெண் பதினேழு.
பதினாறைத் தாண்டினால் ஆலோசகருக்கு அனுப்ப வேண்டும்.
கடிதம் போய்விட்டது.
ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை கொடுத்திருக்கிறார்கள்.
இது ஏப்ரல்.

கருவியை அணைத்த பிறகு
கோட்டின் கைக்குள் கையை நுழைத்தபடி கேட்டாள்:
"வார்டை விட்டு வந்துவிட்டீர்களே,
இப்போதாவது தூக்கம் வருகிறதா?"

அணைத்த பிறகு சொல்வது தரவு ஆகாது.
என் பதிலும் ஆகாது.

ஐந்து வருடம் கழித்து ஒலிப்பதிவையும் அழித்துவிட வேண்டும்.
அதுவரை அந்தப் பெயர்
கீழ் இழுப்பறையில், பூட்டுக்குள், காற்றோடு.

இன்று மாலை கயிறு கட்டியிருந்தார்கள்.
வங்கி முனையில், பாதித் தெருவில்,
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன்.
நாக்கு சரியாக இரண்டு முறை தொட்டது.
எதிரே கயிற்றில் வந்துகொண்டிருந்தவர்
தன்னிடம் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்து
காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.
ஒன்றுமில்லை என்று தலையாட்டி,
அவர் கடப்பதற்காக
ஒரு கையை எடுத்தேன்.